மூன்றாம் வாய்க்கால், முப்பதில் ஒரு செக்கன்

மல்லாவி
06.10.2024

அண்ணாவுக்கு,

மூன்று வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். சுகம் விசாரிக்க அல்ல. ஒரு கமரா வேண்டும். உங்கள் ஸ்ரூடியோவிலிருந்து இரவலாகத் தரமுடியுமா? தொலைபேசியில் கேட்காததற்குக் காரணம், கடிதம் என்றால் கோபமான வரிகளை வெட்டிவிட்டுத் திரும்ப எழுதலாம். இது மூன்றாவது பிரதி.

மூன்றாம் வாய்க்கால் காணிகளுக்கான விசாரணை ஜனவரி 21 அன்று நடக்கிறது. அதற்குள் நிரூபிக்காதவர்களின் காணி, அரசாங்கம் போட்ட வன எல்லைக்குள்ளேயே நிரந்தரமாகப் போய்விடும். குடியேற்றத் திட்டத்தின் பழைய பட்டியல் கிடைத்திருக்கிறது. 41ஆம் காணி, சி. ஏரம்பு. அப்பாவின் பெயர்தான். ஆனால் 41ஆம் காணி நிலத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம் இல்லை. நாங்கள் காட்டும் இடம் அதுவல்ல என்று 2021இல் ஒருவர் எழுதிக் கையெழுத்து வைத்த வாக்குமூலம் மட்டும் கோப்பில் இருக்கிறது. எழுதியவர் ஏரம்புவின் மகன். நீங்கள்.

எங்கள் காணியில் கிணறு கட்டி முடித்த அன்று ஈரச் சிமெந்தில் அப்பா தன் பெயரையும் வருடத்தையும் கீறினார். மூன்று அங்குல எழுத்து. கிணற்றுக்கட்டு இன்னும் நிற்கிறது. அங்கே மிதிவெடி அகற்றும் பெண்கள் அணியின் தலைவி யதுர்ஷிகா என்னிடம் புவியியல் படித்தவள். அவர்கள் துப்புரவு செய்த ஒரு மீற்றர் அகல வழி, கிணற்றுக்கு ஐம்பத்தைந்து மீற்றர் தள்ளி நிற்கிறது. மிச்சத்தை முடிக்க அடுத்த வருட நடுப்பகுதி ஆகும். காணி உரிமை விடயத்தில் அவர்கள் சாட்சி சொல்லவோ படம் எடுத்துத் தரவோ முடியாது. உரிமை கோருபவர் என்ற வகையில் நான் அந்த வழியின் முடிவு வரை போய் இருபது நிமிடம் நிற்கலாம். என் கைத்தொலைபேசியில் எடுத்துப் பார்த்தேன். பாசியும் நிழலும் மட்டும் விழுந்தன.

பார்வையாளர்கள் நிலத்தில் எதையும் வைக்கக்கூடாது என்பது அங்கத்தைய விதி. கமராவுக்கு முக்காலி இல்லை, ஒற்றைக்கால் தாங்கி இல்லை, குந்தவும் கூடாது. மரநிழல் வேறு. கையில் பிடித்தபடி, குறைந்த வெளிச்சத்தில், தூரத்து எழுத்து வாசிக்கக்கூடியதாக வரவேண்டும். அப்படி ஒரு கமரா இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

அருந்ததி

*

வவுனியா
11.10.2024

அன்பின் தங்கச்சி,

இருக்கிறது. நடராசா அண்ணையின் பஸ்ஸில் இந்தக் கடிதத்தோடு வருகிறது. அவரிடம் "இதுக்குள்ள முட்டை இருக்கு, பாத்து" என்று சொல்லிவிட்டேன். கமரா என்றால் இருக்கைக்குக் கீழே போட்டுவிடுவார். முட்டை என்றால் மடியில் வைப்பார்.

இந்தக் கமராவின் உடலுக்குள்ளேயே ஸ்டெபிலைசர் இருக்கிறது. வெளிச்சத்தை வாங்குகிற சென்சர் உள்ளே மிதந்துகொண்டிருக்கும். உன் கை ஒரு பக்கம் ஆடினால், அந்த ஆட்டத்துக்கு ஈடுகட்டி அது நகரும். ஐந்து படி என்று பெட்டியில் போட்டிருக்கிறான். ஒரு படி என்றால் ஷட்டர் இரண்டு மடங்கு நேரம் திறந்திருக்கலாம், கைநடுக்கம் படத்தில் தெரியாது. ஐந்து படி என்றால் முப்பத்திரண்டு மடங்கு. நானே அரை செக்கன் கையில் பிடித்து எடுத்திருக்கிறேன்.

ஒன்று சொல்லவேண்டும். அது உன் கையை நிறுத்துமே தவிர எதிரில் இருப்பதை நிறுத்தாது. போன மாதம் ஒரு கலியாணவீட்டில் இதைப் பற்றி நான் பெருமையடிக்க, பொம்பிளையின் மாமா ஒருவர் சொன்னார்: "தம்பி, உம்மட கமரா ஆடாதுதான். மாப்பிள்ளையெல்லோ ஆடுறார்!" கிணறு ஆடாது. நீ அதிர்ஷ்டசாலி.

பெரிய லென்ஸ், 300, பூஞ்சணம் பிடித்துக் கிடக்கிறது. சுத்தம் செய்து பிறகு அனுப்புகிறேன். அதுவரைக்கும் இந்தச் சின்ன 50ஐ வைத்துப் பழகு. இரண்டும் பழைய காலத்து லென்ஸ். அமைப்பெல்லாம் நானே போட்டுவிட்டேன். நீ ஒன்றையும் தொடாதே. ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்று, ஸ்டெபிலைசரைப் போடு, நிறுத்து. போதும்.

2021ஐப் பற்றி நீ எழுதியதை வாசித்தேன். அதற்கு இப்போது பதில் எழுதவில்லை.

வினோதன்

*

மல்லாவி
20.10.2024

அண்ணாவுக்கு,

கமரா உடையாமல் வந்தது. நடராசா அண்ணை "முட்டை பாரமாயிருக்கு டீச்சர், ஒஸ்ரிச் முட்டையோ?" என்று கேட்டார்.

பெட்டியில் போட்டிருப்பதை நான் நம்புவதில்லை. ஆகவே அளந்தேன். கூட்டுறவுச் சங்கக்கடையின் பெயர்ப்பலகைக்கு நேரெதிரே, ஒவ்வொரு வேகத்திலும் பத்துப் படம். அடியில் சிறிதாக எழுதியிருக்கும் பதிவிலக்கத்தை வாசிக்க முடிந்தால் வெற்றி. ஸ்டெபிலைசர் இல்லாமல்: அறுபதில் ஒரு செக்கனில் ஏழு, முப்பதில் நான்கு, பதினைந்தில் ஒன்று. ஸ்டெபிலைசரோடு: பதினைந்தில் ஒரு செக்கனில் எட்டு, எட்டில் ஒரு செக்கனில் ஐந்து, கால் செக்கனில் ஒன்று. உங்கள் அரை செக்கனில் ஒன்றுமே இல்லை. பெட்டியின் ஐந்து படி என் கணக்கில் இரண்டு, தாராளமாகச் சொன்னால் இரண்டரை. அந்த ஐந்தை யார் கையில் பிடித்து அளந்தார்கள்?

இன்னும் இரண்டு கவனித்தேன். பொத்தானைப் பாதி அழுத்தி ஒரு கணம் காத்திருந்தால் வெற்றி கூடுகிறது. உடனே அழுத்தினால் அந்தக் கருவி தயாராகவில்லை. வெளிச்சத்தை உணரும் அளவை, அந்த ISOவை, கூட்டி வேகத்தைக் கூட்டலாமே என்று பார்த்தேன். படமெங்கும் மணல் தூவியதுபோல் வருகிறது. பாசி பிடித்த சிமெந்தில் கீறிய எழுத்தும் கிட்டத்தட்ட மணல்தான். 1600க்கு மேல் பிரயோசனமில்லை.

இரண்டு பின்னேரம் வீதியில் நின்றதால் ஊருக்குச் செய்தி கிடைத்துவிட்டது. மரக்கறி விற்கிற வடிவம்மாக்கா கேட்டா: "என்ன டீச்சர், சங்கக்கடையை இப்பிடிப் படம் பிடிக்கிறியள்? விக்கப் போறாங்களோ?" இல்லை, பரிசோதனை என்றேன். "அப்ப பூட்டப் போறாங்கள்," என்று முடிவெடுத்து அரை மூட்டை சீனி வாங்கிவிட்டா.

படங்கள் உள்ள அட்டையை அனுப்புகிறேன். 300ஐ விரைவில் அனுப்புங்கள். நவம்பர் 8ஆம் திகதிக்கு அனுமதி கிடைத்திருக்கிறது.

அருந்ததி

*

வவுனியா
26.10.2024

தங்கச்சி,

உன் கேள்விக்கு முதலில் பதில். அந்த ஐந்தை எந்த மனிதனும் பிடிக்கவில்லை. ஒரு அதிர்வு மேசையில் கமராவைப் பூட்டி, ஒரே மாதிரி ஆட்டி அளக்கிறார்கள். மனிதக் கை மேசை மாதிரி ஆடாது. எனக்கு நாலு வரும். உனக்கு இரண்டரை வருகிறது.

இனி என் கேள்வி. அட்டையில் இருந்த எல்லாப் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கெட்டுப்போன படங்களைத்தான் கூட நேரம் பார்த்தேன். முப்பது வருடமாக மற்றவர்களின் கெட்ட படங்களைப் பார்த்துச் சாப்பிடுகிறவன் நான். சாதாரணமாகக் கை ஆடினால் எழுத்து எந்தப் பக்கத்துக்கும் வழுகி இழுபட்டிருக்கும், படத்துக்குப் படம் வேறு திசையில். உன்னுடையதில் அப்படி இல்லை. எல்லாப் படத்திலும் ஒரே திசை, மேலும் கீழும். போய் வந்த தடம். எழுத்து இரட்டையாக இருக்கிறது.

எவ்வளவு காலமாக உன் வலது கை நடுங்குகிறது?

பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் நீ எடுக்காதே. யதுர்ஷிகா மாட்டாள் என்றால், அனுமதியில் இன்னொரு பெயரைப் போடமுடியுமா என்று கேள். என்னிடம் படம்பிடிக்கப் பழகிய கிருபன் ஊரில் இருக்கிறான், நல்ல கை. லென்ஸ் இத்தோடு வருகிறது. பூட்டுகிற வளையத்தை இறுக்கமாகத் திருப்பு.

வினோதன்

*

மல்லாவி
09.11.2024

அண்ணாவுக்கு,

நேற்றுப் போனேன். அறுபத்து மூன்று படம். ஒன்றிலும் ஒரு எழுத்தும் இல்லை.

காலை ஏழரைக்கு அங்கே நின்றேன். யதுர்ஷிகா முன்கவசம் மாட்டி, தலையில் அந்த நீள முகக்கண்ணாடியை வைத்தாள். வழி முடிவில் நின்று கமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனால் கண்ணாடி தடுக்கிறது. சற்று உயர்த்தினேன். "மிஸ், உயர்த்தக்கூடாது," என்றாள். கண்ணை வைக்காமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். "வகுப்பிலை நீங்கள் சொன்னதை நாங்கள் கேட்டனாங்கள்தானே? இப்ப நீங்கள் கேளுங்கோ." சரியான பதில். நான் கற்பித்ததில் இது ஒன்றாவது நின்றிருக்கிறது.

ஆகவே கையை நீட்டிப் பின்திரையைப் பார்த்து எடுக்கவேண்டியிருந்தது. எனினும் கிணறு தெரிந்தது. எங்கள் கிணறு. கட்டின் வடக்குப் பக்கத்தில் பெயர் இருந்த இடம் பாசிக்குள் ஒரு வரியாகத் தெரிந்தது. வெறுங்கண்ணுக்கு அது எழுத்து என்று தெரிகிறது, என்ன எழுத்து என்று தெரியவில்லை. முப்பதில் ஒரு செக்கனில் எடுத்தேன், அறுபதிலும் எடுத்தேன். எல்லாம் இழுபட்டுப்போயின. ஸ்டெபிலைசர் போட்டிருந்தது, இரண்டு தடவை சரிபார்த்தேன். போட்டாலும் நிறுத்தினாலும் வித்தியாசம் இல்லை.

50இல் வேலை செய்தது, 300இல் வேலை செய்யவில்லை. என் கைதான் காரணம் என்று நீங்கள் எழுதுவீர்கள். என் கையைப் பற்றி நான் கேட்கவில்லை. நான் கேட்பது வேறு. மூன்று வருடங்களுக்கு முன் அந்த இடத்தில் நின்று "இது எங்கட காணி இல்லை" என்று சொன்னவர் நீங்கள். இப்போது அதே காணிக்கு வேலை செய்யாத கமராவைத் தந்தவரும் நீங்கள். இது தற்செயல்தானா?

இந்த வரியை வெட்டிவிட்டு மறுபடி எழுத யோசித்தேன். எழுதவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

அருந்ததி

*

வவுனியா
13.11.2024

அருந்ததி,

பிழை என்னுடையது. அட்டையைப் போட்டவுடனேயே தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு படத்தோடும் கமரா ஒரு குறிப்பை எழுதிவைக்கும். உன் அறுபத்து மூன்று படத்திலும் லென்ஸ் 50 என்று இருக்கிறது. புதிய லென்ஸ் என்றால் தன் அளவைத் தானே கமராவுக்குச் சொல்லும். பழைய லென்ஸ் ஊமை. அதன் அளவை நாங்கள்தான் உள்ளே பதியவேண்டும், அதைப் பார்த்துத்தான் ஸ்டெபிலைசர் எவ்வளவு நகரவேண்டும் என்று கணக்குப் போடுகிறது. நான் 50ஐப் பதிந்தேன். 300ஐ அனுப்பும்போது மாற்றச் சொல்லவில்லை. "ஒன்றையும் தொடாதே" என்று வேறு எழுதினேன். கமரா தன் கண்ணில் 50 இருப்பதாக நினைத்து, தேவையானதில் ஆறில் ஒரு பங்குதான் நகர்ந்திருக்கிறது. உன் கையில் பிழை இல்லை. ஆருடைய கையிலும் அது வந்திருக்காது.

இது தற்செயல். நீ நம்பமாட்டாய், எனக்கும் நீ நம்பும்படி சொல்லத் தெரியாது. ஆனால் 2021 தற்செயல் அல்ல. அதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று அந்த இடத்தை எனக்கு இறங்கியவுடனேயே தெரியும். வாய்க்கால் வளைவைப் பார்த்தேன். நீயும் பார்த்தாய். அலுவலர்கள் கதைத்துக்கொண்டிருக்க, நீ மண்டையோட்டுப் பலகையைத் தாண்டி, நாடாவுக்குக் கீழால் குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாய். நான் உன் சேலையைப் பிடித்து இழுத்தேன். நீ "விடுங்கோ, என்ர வீட்டுக்குப் போறதுக்கு ஆரைக் கேக்கவேணும்?" என்றாய். அதற்குப் பிறகுதான் அலுவலர் என்னிடம் கேட்டார், இது உங்கள் காணிதானா என்று. ஓம் என்று சொன்னால் அடுத்த கிழமையே நீ கத்தியோடு பற்றை வெட்டப் போவாய் என்று தெரியும். இல்லை என்றேன். எழுதித் தாருங்கோ என்றார். எழுதினேன்.

இனி வேலைக்கு வருவோம். கமராத் திரையில் வரும் பட்டியலில் லென்ஸ் அளவு என்ற இடத்தில் 300 என்று பதி. கண்ணை வைக்க முடியாதென்றால் கமரா வாரைக் கழுத்தில் போட்டு, இரண்டு கையாலும் முன்னுக்குத் தள்ளி வாரை இறுக்கு. முழங்கையைக் கவசத்தில் அழுத்து. ஒவ்வொன்றாக எடுக்காதே, எட்டு எட்டாகத் தொடர்ந்து எடு. விரல் அழுத்தும்போதும் விடும்போதும் கமரா ஆடும், நடுவில் இருப்பவை தப்பும்.

கிருபனைப் போடச் சொல்லி நான் இனிக் கேட்கமாட்டேன்.

வினோதன்

*

மல்லாவி
22.12.2024

அண்ணாவுக்கு,

மழையால் ஐந்து கிழமை வேலைத்தளம் மூடியிருந்தது. நேற்று முன்தினம் திறந்தார்கள்.

அதுவரை நான் சும்மா இருக்கவில்லை. 300 என்று பதிந்து சங்கக்கடைப் பரிசோதனையைத் திரும்பவும் செய்தேன். இம்முறை அந்த முகக்கண்ணாடிக்குப் பதிலாக மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு நின்றேன். வடிவம்மாக்கா என்னைச் சுற்றி ஒரு தரம் நடந்தா. தலையை மட்டும் ஆட்டினா. முப்பதில் ஒரு செக்கனில், நூறு படத்தில் பதினொன்று வாசிக்கக்கூடியவை. பத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். அந்தக் கணக்கோடுதான் உள்ளே போனேன்.

இருபது நிமிடம். எட்டு எட்டாக, முந்நூற்று இருபது படம். யதுர்ஷிகா பின்னால் நின்று நேரம் சொன்னாள். நிழலும் ஈரமும் சேர்ந்து சங்கக்கடையை விட மோசம். முப்பத்திரண்டு வரவேண்டும், வந்தது ஒன்று. அந்த ஒன்றில் "ரம்பு" இருக்கிறது, "19" இருக்கிறது. முன்னெழுத்துகளையும் வருடத்தின் மிச்சத்தையும் பாசி மூடிவிட்டது. அட்டையை அனுப்புகிறேன், எட்டுக்குப் பத்து அங்குல அளவில் அச்சிட்டு அனுப்புங்கள்.

கமராவைப் பற்றிய என் முடிவு: அது பொய் சொல்லவில்லை, பெட்டிதான் சொல்கிறது. சரியான அளவைச் சொன்னால் தன்னால் முடிந்ததைச் செய்கிறது.

என் கை இரண்டு வருடமாக நடுங்குகிறது. மருத்துவர் ஒரு பெயர் சொன்னார். ஆபத்தில்லை, போகவும் போகாது. கரும்பலகையில் இலங்கையின் கரையோரம் கீறினால், "மிஸ் கீறினா முனையும் குடாவும் தானா வருது," என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பாரமான பொருளைப் பிடித்தால் நடுக்கம் குறைகிறது. உங்கள் 300 நல்ல பாரம்.

ஒரு காலை வைத்தது உண்மை. அதை நான் மறந்திருக்கவில்லை. எழுதாமல் இருந்தேன். நீங்கள் இழுத்திருக்காவிட்டால் மற்றக் காலையும் வைத்திருப்பேன். அதற்காக நீங்கள் எழுதிய பொய் சரியாகிவிடாது.

இந்தப் படம் தனியே போதாது. அரைவாசிப் பெயர் ஒரு பக்கம், மகனின் முழுக் கையெழுத்து மறுபக்கம். எதைப் பாரமாக எடுப்பார்கள்? அந்த வாக்குமூலத்தை எழுதியவர்தான் திருப்பி எடுக்கலாம். 21ஆம் திகதி காலை ஒன்பது மணி, முல்லைத்தீவு.

அருந்ததி

*

வவுனியா
04.01.2025

அருந்ததி,

அச்சு இத்தோடு வருகிறது. மூன்று பிரதி. எழுத்தைக் கூர்மையாக்கவோ நிரப்பவோ இல்லை. பிறகு யாராவது கேட்டால், கமரா பார்த்தது இதுதான் என்று சொல்லவேண்டும்.

ஒரு சட்டத்தரணியிடம் கேட்டேன். எழுதிக் கொடுத்ததைப் பொய் என்று நானே சொன்னால் என்மேல் வழக்கு வர இடமிருக்கிறதாம். "பேசாமல் ஞாபகமில்லை எண்டு சொல்லுங்கோ அண்ணை," என்றார். அவருடைய கதிரையை விட்டு எழும்பி வரும்போது ஞாபகமில்லை என்றே சொல்வதாகத்தான் நினைத்தேன். குருமன்காட்டுச் சந்தி வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு ஸ்ரூடியோவுக்கு வந்து முந்நூற்று இருபது படத்தையும் பார்த்தேன், அருந்ததி. ஒவ்வொரு எட்டிலும் நீ வாரை இறுக்குவது தெரிகிறது. கடைசி நாற்பதில் கை களைத்துவிட்டது, ஆனால் நீ நிறுத்தவில்லை. நல்லது வந்தது முந்நூற்றுப் பதினாலாவது.

வருகிறேன். வழக்கு வரட்டும். அங்கே நீ என்னோடு கதைக்கவேண்டும் என்றில்லை.

வினோதன்

*

மல்லாவி
22.01.2025

அண்ணாவுக்கு,

சாட்சி சொல்லி முடிந்தவுடன் உங்களை வெளியே அனுப்பினார்கள். நான் வெளியே வந்தபோது நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள். கதைக்கவேண்டும் என்றில்லை என்று நீங்கள்தான் எழுதினீர்கள். நான் அப்படி எழுதவில்லை.

உள்ளே நடந்ததை அறியத் தருகிறேன். நீங்கள் போன பிறகு விசாரணைக் குழுத் தலைவி அச்சை யன்னலருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தா. "இதிலை 'ரம்பு' எண்டு மட்டும்தானே தெரியுது?" என்று என்னிடம் கேட்டா. ஓம், அவ்வளவுதான் தெரிகிறது, அதற்கு மேல் தெரிவதாக நான் சொல்லவில்லை என்றேன். பக்கத்தில் இருந்தவர் பட்டியலை எடுத்து மூன்றாம் வாய்க்காலின் அறுபத்திரண்டு பெயரையும் விரலால் தடவிப் பார்த்தார். "ரம்புவில முடியிறது வேறை ஒருத்தரும் இல்லை மடம்," என்றார். தலைவி உங்கள் பழைய வாக்குமூலத்தை எடுத்தா. "இவர் அண்டைக்குப் பயத்தில எழுதினதெண்டு இண்டைக்குச் சொல்லுறார். பயந்த ஆள் வழக்கு வருமெண்டு தெரிஞ்சும் ஏன் வந்து சொல்லுறார்?" என்று பொதுவாகக் கேட்டா. அவ அதன் குறுக்கே கோடு போட்டு, திகதி வைத்து, ஒப்பமிட்டா. உங்கள்மேல் நடவடிக்கை எடுப்பது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எடுக்கமாட்டார்கள் என்று நான் உறுதி தரமாட்டேன்.

41ஆம் காணியை வனப் பட்டியலிலிருந்து தற்காலிகமாக நீக்கி வைத்திருக்கிறார்கள். முழுதாக எடுப்பதற்கு ஒரு கள ஆய்வு நடக்கும். பெப்ரவரி 17, திங்கட்கிழமை, காலை ஏழரை. அலுவலருக்கு முன்னால் கிணற்றையும் எல்லையையும் காட்டவேண்டும். அப்பாவின் பிள்ளைகள் இரண்டு பேரும் நேரில் நின்று காட்டவேண்டும் என்று தீர்மானத்தில் எழுதியிருக்கிறது. ஒருவர் போதாது.

உங்களுக்கு அங்கே போகப் பயம் என்று தெரியும். எனக்கும் பயம்தான், நான் அதைச் சொல்வதில்லை. முதல் நாளே மல்லாவிக்கு வாங்கோ, அறை ஒழுங்குபடுத்தி வைக்கிறேன். வழி ஒரு மீற்றர் அகலம், பக்கத்துப் பக்கத்தில் நடக்க முடியாது. யதுர்ஷிகா முன்னுக்கு, அடுத்தது நான், எனக்குப் பின்னால் நீங்கள். வழி முடியும் வரைக்கும் உங்களைத் திரும்பிப் போக விடமாட்டேன்.

அருந்ததி